சுத்தமாகத் திரும்பிவந்த கிண்ணம்

நான் கஞ்சி நன்றாகக் காய்ச்சுவேன். இந்த மலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாழைக்காயை மெஷினில் போட்டு அரைக்கக் கூடாது, கையால் துருவ வேண்டும். விரல் கறுக்கும், கறுத்துவிட்டுப் போகட்டும். தேங்காய்ப்பால் கொதி வந்ததும் துருவலைக் கொட்டிக் கரண்டியை எடுக்காமல் கிண்ட வேண்டும். கிண்டுகிறவன் வாசலை வேடிக்கை பார்த்தால் கட்டி விழுந்துவிடும். கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு, ஜாதிக்காய், டின் பால். அவ்வளவுதான். என் மகள் ஓர்லீன் உலகத்திலேயே மூன்றாவதாக ஓடி வந்தது இந்தக் கஞ்சியைக் குடித்துத்தான்.

உங்களுக்கும் ஒரு கிண்ணம் ஊற்றி வைத்தேன், நீங்கள் தொடவில்லை. பரவாயில்லை மிஸ் லிண்டோ. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன்.

முதலில் அந்த ஃபோனை அணைத்து என் கண் முன்னால் மேசைமேல் வையுங்கள். எழுதுவதென்றால் எழுதிக்கொள்ளுங்கள். நான் நான்காம் வகுப்பு. என் பெயரை எழுதுவேன், பைபிளில் பெரிய எழுத்தாக இருந்தால் படிப்பேன். கிங்ஸ்டனிலிருந்து காகிதத்தோடு மலையேறி வருகிறவர்களில் இதுவரை ஒருத்தரும் எனக்கு எதையும் கொடுத்துவிட்டுப் போனதில்லை. சர்வேக்காரன் வந்தான், நிலத்தில் ஒரு மூலை போனது. நீங்கள் வக்கீல் வேறு.

ஆனால் நீங்கள் ஒன்றும் சுற்றி வளைக்கவில்லை. வந்ததும் கைக்குட்டையைப் பிரித்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தீர்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. ஆமாம், அது என் டப்பாதான். பச்சை மூடி, குதிரைப் படம் பாதி தேய்ந்திருக்கிறது. மேல் தட்டில் ஜாதிக்காய் பாட்டிலுக்குப் பின்னால் இருந்தது. போன வாரம் ஓர்லீன் போன பிறகு தேடினேன், காணவில்லை. எலி இழுத்துப் போயிருக்கும் என்று நினைத்தேன்.

ஓர்லீனுக்காக நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. ஒரு கையெழுத்து. 'என் மகளுக்குத் தெரியாமல் நான்தான் மருந்தைக் கலந்தேன்' என்று அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறது, கீழே என் பெயர் வேண்டும். வந்தால் அவள் பெயர்மேல் இருக்கிற கறை போகும், அழித்த ஓட்டத்தை மறுபடி எழுதுவார்கள், ஃப்ளோரிடாவில் பயிற்சி முகாம் நடத்துகிறவர்கள் அவளை எடுத்துக்கொள்வார்கள். வராவிட்டால் தடை முடிந்தும் அவளை எவனும் சேர்க்க மாட்டான். அவளுக்கு இருபத்தெட்டு. கால் இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓடும். அதற்குள் நடந்தால் உண்டு.

சரி, சொல்கிறேன். இத்தனை பேர் இத்தனை கேள்வி அவளைக் கேட்டார்கள். கஞ்சி காய்ச்சியவனை ஒருத்தரும் கேட்கவில்லை.

வெளியே கத்துகிறதே, அது கிடா. வரும்போது அதைப் பார்த்துப் பயந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டீர்கள். ஒன்றும் செய்யாது. தாடியும் நீள மூஞ்சியுமாக, சர்ச்சில் பிரசங்கம் பண்ணுகிற டீக்கன்போல் இருப்பதால் ஓர்லீன் அந்தப் பெயரையே வைத்தாள். அவள் குட்டியாகக் கொண்டுவந்தது.

அவளுடைய அம்மா மெர்டெல். ஓர்லீனுக்கு ஆறு வயதில் கனடாவுக்கு ஹோட்டல் வேலைக்குப் போனாள், ஆறு மாதத்துக்கு என்று சொல்லி. முதல் கிறிஸ்துமஸுக்கு நீலப் பீப்பாய் ஒன்று வந்தது. அரிசி, சோப்பு, குழந்தைக்குச் செருப்பு. இரண்டாம் கிறிஸ்துமஸுக்கும் வந்தது, செருப்பு அளவு சின்னது. மூன்றாவதற்கு ஒன்றும் வரவில்லை. பீப்பாய்கள் இரண்டும் இன்னும் இருக்கின்றன, மழைத்தண்ணீர் பிடிக்கிறேன். விமானம் ஏறுகிறவர்கள் திரும்பி வருவதில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று. அதில் கோபமில்லை. மழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வோம் இல்லையா, அதுபோல.

பிள்ளை ஓடும் என்பதை நான் கண்டுபிடிக்கவில்லை. நான் வள்ளிக்கிழங்கு மேடு போட்டுக்கொண்டிருப்பேன், அவள் இரண்டு மேட்டுக்கு நடுவில் இருக்கிற பள்ளத்தில் ஓடுவாள். ஒரு கொடியையும் மிதித்ததில்லை. ஒன்பது வயதில் சர்ச் மைதானத்தில் பையன்களோடு ஓடவிட்டார்கள். முதலில் வந்து, நிற்காமல், வேலியையும் தாண்டி ரோட்டில் போய் நின்றாள். பக்கத்துத் தோட்டத்து ஹெப்டன் அப்போதே என்னிடம் சொன்னான்.

"மாஸ் வென், உன் பிள்ளைக்கு ஓடத் தெரியுது, நிக்கத்தான் தெரியல. கயிறு வாங்கி வை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு மிஸ் ஃபேசி என்கிற கோச் வந்து, கீழே டவுனில் பெரிய பள்ளியில் சேர்த்தாள். புல் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்ட மைதானம். அங்கே அவள் ஜெயிக்க ஆரம்பித்தாள். ஜெயிக்க ஆரம்பித்ததும் சாப்பாட்டுப் பயமும் ஆரம்பித்தது.

இது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும், நீங்கள் படித்தவர். அடுத்த ஊரில் வெரோனா என்று ஒரு பெண் இருந்தாள், ஓர்லீனுக்கு முன்னால். நல்ல ஓட்டக்காரி. போட்டியன்று காலை யாரோ தெரிந்தவர் பாசமாகக் கொடுத்த பன்னும் சீஸும் வாங்கித் தின்றாள். வளைவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள், அதோடு சரி, அப்புறம் அவள் ஓடவில்லை. சீஸ் கெட்டுப்போயிருக்கும். நான் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் எங்கள் மலையில் யாரும் அப்படி நினைக்கவில்லை. எதையோ வைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்றார்கள். அன்றிலிருந்து இந்தப் பக்கத்தில் ஜெயிக்கிற பிள்ளை ஓடுகிற நாளில் ஒரே ஒரு கையால்தான் சாப்பிடும். அம்மா கை, இல்லையென்றால் சித்தி கை. கோச் தண்ணீர் கொடுத்தாலும் வாங்காது. ஓர்லீனுக்கு என் கை.

நான் அவளை உட்காரவைத்துச் சொன்னேன். "யார் எது குடுத்தாலும் நன்றி சொல்லு, வாங்கிக்கோ, கீழ வச்சிடு. என் கையில வாங்குனா மட்டும் வாயில வை."

"நீ இல்லாட்டி?"

"நான் இருப்பேன்."

இருந்தேன். பள்ளிப் போட்டி ஒவ்வொன்றுக்கும் விடியற்காலையில் கஞ்சி காய்ச்சி ஃப்ளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறுவேன். சிவப்பு ஃப்ளாஸ்க். கண்டக்டர் பயல்களுக்கு என்னைத் தெரியும்.

"மாஸ் வென், அதுல கஞ்சியா, இல்ல ராக்கெட் எண்ணெயா?"

"கஞ்சிதான்டா. உனக்கு ஊத்துனா உன் பஸ்ஸாவது நேரத்துக்குப் போகும்."

அப்போது அது கஞ்சிதான். இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். பதினேழு வயதில் அவள் ஸ்டேடியத்தில் இருநூறு மீட்டர் ஜெயித்தது, கூட்டம் எழுந்து தகரத் தடுப்பைத் தட்டியது, எல்லாம் வாழைக்காயும் ஜாதிக்காயும்தான். பேப்பரில் என் படமும் வந்தது, ஃப்ளாஸ்க்கோடு. ஊரே கேலி செய்தது. நான் அதை வெட்டி அந்தச் சுவரில் ஒட்டினேன். பாருங்கள், இருக்கிறது.

அவளை அங்கே கூட்டிப்போக அமெரிக்காவிலிருந்து காலேஜ் ஆட்கள் வந்தார்கள். ஷூ பளபளப்பாக இருந்தது, செம்மண் ஒட்டுமே என்று தாண்டித் தாண்டி நடந்தார்கள். அவர்களும் காகிதம் வைத்திருந்தார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. ஓர்லீன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மலைப்பாதையில் ஏறி இறங்கி ஏறி இறங்கி வாந்தி எடுக்கிற வரை ஓடினாள். பிறகு கிங்ஸ்டனில் ஒரு கிளப்பில் சேர்ந்தாள். கிங்ஸ்டன் பஸ்ஸில் போகிற தூரம்தான்.

இருபத்தொரு வயதில் கடல் தாண்டி நடந்த உலகப் போட்டியில் மூன்றாவது. விமானத்தில் நான் ஏற மாட்டேன். அதனால் வாழைக்காயைச் சீவிக் காயவைத்து, உரலில் இடித்து, மாவாகக் கட்டிக் கொடுத்தேன். ஹோட்டலில் அவளே காய்ச்சிக் குடித்தாள். ஓடி முடித்ததும் கொடியைப் போர்த்திக்கொண்டு ஃபோன் செய்தாள்.

"அப்பா, கட்டி விழுந்துடுச்சுப்பா."

"கையை எடுத்திருப்பே."

"எடுத்துட்டேன். ஆனா வெண்கலம் வந்துடுச்சு."

நான் அன்றைக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தேன். மகளைப் பிடிக்காத தகப்பன் நான் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

அவளுக்கு இருபத்துநாலு வயதில், ஏப்ரல் மாதம், இங்கே பின்படியில் உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்தோம். கையில் வேலையை வைத்துக்கொண்டு சொன்னாள், அப்படியே.

"அப்பா, ஃப்ளோரிடால ஒரு கேம்ப்ல என்னை எடுத்துக்கிட்டாங்க. செப்டம்பர்ல போறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"நாளா? ரெண்டு மூணு வருஷம் ஆகும். அப்புறம் பாக்கலாம்."

"சாப்பாடு?"

அவள் சிரித்தாள். "அங்க சமைக்கவே ரெண்டு பேர் இருக்காங்களாம். என்ன திங்கணும்னு சொல்ல இன்னொருத்தர். உன் ஃப்ளாஸ்க்குக்கு ஓய்வு குடுத்துடுப்பா. பாவம், மூடிகூட ஆடுது."

"வெரோனாவை மறந்துட்டியா?"

"வெரோனா தின்னது கெட்டுப்போன சீஸு. நீயேதான சொல்வே?"

நான் சொன்னதுதான். உரித்த பயறை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

இப்போது குதிரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் பதினோரு வருடம் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை பார்த்தேன். தேய்ப்பது, நடத்துவது, தீனி கலப்பது. எங்களிடம் ஒரு பெட்டைக் குதிரை இருந்தது, லேடி பிமென்டோ. அதைப்போல் ஒன்றை நான் பிறகு பார்த்ததில்லை. முதலாளி அதை மயாமிக்காரன் ஒருவனுக்கு விற்கப் பார்த்தார். அதைப் பழக்கியவருக்கு அது போவது பொறுக்கவில்லை. விற்பதற்கு முன்னால் ரத்தம் எடுப்பார்கள். அவர் ஒரு பொடியைக் கொடுத்துத் தீனியில் கலக்கச் சொன்னார், கலந்தவன் நான். சோதனையில் மாட்டியது. மயாமிக்காரன் வேண்டாம் என்று போய்விட்டான். குதிரை இன்னும் நான்கு வருடம் எங்களோடு இருந்தது. அதற்கு வலியில்லை, காயமில்லை. பெயர் மட்டும் போயிற்று. குதிரைக்குப் பெயர் எதற்கு? அதன் பிறகும் பொடியை நிறுத்தாமல் போட்டதால் அதற்குக் குட்டி பிடிக்கவில்லை, கழுத்து ஆண்குதிரைபோல் தடித்தது, அது உண்டு. கடைசியில் என்ன ஆயிற்று என்பது வேறு கதை. ஆனால் காலையில் நான் போனால் அது என் கையை முகர்ந்து பார்க்கும், கடைசி நாள்வரை.

லாயத்தில் என்னோடு இருந்த ஸ்கெலி இப்போதும் குதிரை வைத்திருக்கிறான். மே மாதம் அவனைப் போய்ப் பார்த்தேன்.

"உங்கிட்ட ஏதுடா குதிரை?" என்றான்.

"ஒண்ணு இருக்கு. பெட்டை."

"நல்லா ஓடுமா?"

"நல்லா ஓடும். வேலி தாண்டப் பாக்குது."

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு உள்ளே போய் இந்தப் பச்சை டப்பாவைக் கொண்டுவந்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. அவனை இதில் இழுக்காதீர்கள். அவன் பெயரை நான் மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் மாதம் தேசியத் தேர்வுப் போட்டி. அன்று காலை கஞ்சி எப்போதும்போல்தான் காய்ச்சினேன், கட்டி விழவில்லை. டின் பால் ஊற்றுகிறபோது பொடியையும் போட்டேன். ஜாதிக்காய் கொஞ்சம் கூடுதல். தப்பில்லையா என்று கேட்கிறீர்கள். இல்லை. என்ன தப்பு? யாரையும் கொல்லப் போகவில்லை. என் பிள்ளை வீட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்டேடியத்தில் வேலிப் பக்கம் வந்து ஃப்ளாஸ்க்கை வாங்கினாள். மூடியில் ஊற்றிக் குடித்தாள். "இன்னிக்கு வாசனை தூக்கலா இருக்கு," என்றாள். "கடைசி தடவைன்னு பாத்துப் பாத்துப் போட்டியா?"

"ஆமா," என்றேன்.

அன்று அவள் ஓடியதுபோல் அதற்கு முன் ஓடியதில்லை. இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள், இதில் பொய் இருக்கக் கூடாது. ஒரு மூடிக் கஞ்சியில் போட்ட பொடி யாரையும் வேகமாக்காது. அது ரத்தத்தில் கிடந்து ஆளைக் காட்டிக்கொடுக்கும், அதற்குமேல் ஒன்றும் செய்யாது. அந்த ஓட்டம் முழுவதும் அவளுடையது. வளைவிலிருந்து வெளியே வந்தபோது மற்றவர்கள் நின்றுவிட்டார்களோ என்று தோன்றியது. அதைப் பிறகு அழித்தார்கள். எனக்கும் வருத்தம்தான்.

ஓடி முடித்து வந்து என் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தாள். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் வந்து பக்கத்தில் நின்றாள். சிறுநீர் எடுக்க வேண்டும் என்றாள். "ஒரு நிமிஷம், எங்கப்பாகூட உக்காந்துட்டு வர்றேன்," என்றாள் ஓர்லீன். அந்தப் பெண் நின்றாள். நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அந்த ஒரு நிமிடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். எதைச் சொல்வது? கஞ்சி உள்ளே போயிற்று.

மூன்று வாரம் கழித்து ஃபோன் வந்தது. அவள் ஃபோனிலேயே அலறினாள். ஏதோ தப்பு நடந்திருக்கிறது, பாட்டில் மாறியிருக்கும் என்றாள். நான் சொன்னேன், "வீட்டுக்கு வா."

விசாரணைக்கு நானும் போனேன். சாவுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்று பேர், நடுவில் கண்ணாடி போட்டவர். அவர் கேட்டார்: "அந்த வாரம் முழுக்க உங்களுக்குச் சாப்பாடு யார் குடுத்தது? ஓடுன அன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?"

நாட்டுக்கே என் ஃப்ளாஸ்க்கைத் தெரியும். ஓர்லீன் திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "எங்க வீட்டு மாவுதான். நானே காய்ச்சிக் குடிச்சேன்," என்றாள்.

"வேற யார் கையாலயும் சாப்பிடலையா?"

"இல்ல சார். யார் கையாலயும் இல்ல."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிறகு நான் கேட்கவில்லை. வயசான மனுஷனை நாற்காலியில் ஏற்றி நாலு பேர் கேள்வி கேட்கக் கூடாது என்று நினைத்திருப்பாள். அப்போது அவளுக்கு என்மேல் சந்தேகம் இல்லை, அது எனக்குத் தெரியும். நானாக எழுந்து சொல்லியிருக்கலாம். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. நான்கு வருடத் தடை. வெளியே வந்ததும் ஒருவன் கேமராவோடு ஓடிவந்து, "ஓர்லீன், இத்தனை வருஷமும் ஏமாத்துனீங்களா?" என்றான். நான் அவள் தலையில் என் கோட்டைப் போட்டு பஸ்ஸுக்குக் கூட்டிப்போனேன்.

வீட்டுக்கு வந்தாள்.

நல்ல நான்கு வருடம் மிஸ் லிண்டோ. முதல் இரண்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். டவுனுக்குப் போனால் சிறுபிள்ளைகள் ஊசி போடுவதுபோல் கையைக் காட்டினார்கள், அதனால் போவதை விட்டாள். மிஸ் ஃபேசி ஒரு முறை வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்று அழுதுவிட்டுப் போனாள். அக்டோபரில் ஓர்லீன் ஹெப்டனிடமிருந்து அந்த ஆட்டுக்குட்டியை வாங்கிவந்து பின்படிக்கு அருகில் சீமைப்பலா மரத்தில் கட்டினாள். அதன் பிறகு தெளிந்துவிட்டாள். என்னோடு மேடு போட்டாள், கொடிக்குக் கழி நட்டாள். விடிந்ததும் தனியாக மலைப்பாதையில் ஓடிவிட்டு வருவாள். நான் கஞ்சியை ஊற்றி வைத்திருப்பேன். "வேர்த்திருக்கு, காத்தாட உக்காந்து குடிக்கிறேன்," என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்படிக்குப் போவாள். பத்து நிமிடத்தில் கிண்ணம் வந்துவிடும், நக்கியதுபோல் சுத்தமாக.

பொடியைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், போட்டேன். நிறுத்தினால் என்ன பிரயோஜனம்? தடையில் இருக்கிறவர்களுக்கும் திடீரென்று வந்து சிறுநீர் எடுப்பார்கள் என்று அவளே சொன்னாள். நான்கு வருடம் முடிகிற நேரத்தில் சுத்தமாக இருந்தால் மறுபடி ஃப்ளோரிடா என்பாள். அதனால் தினமும் ஒரு சிட்டிகை. டப்பா தீர்ந்தால் ஸ்கெலியிடம் போய் வருவேன். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. ஒரு காலைகூட நான் விட்டதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் எழுந்து போட்டேன்.

அது பெண்பிள்ளை உடம்புக்கு என்ன செய்யும் என்று யோசித்தேனா என்றால், யோசித்தேன். லேடி பிமென்டோவைப் பார்த்தவன் நான். குரல் தடிக்கும், கழுத்து தடிக்கும், குட்டி பிடிக்காது. ஆனால் ஓர்லீனுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை பெறுவதாகப் பேச்சும் இல்லை. அப்படியிருக்க யாருக்கு என்ன நஷ்டம்? அதோடு அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குரல் அதே குரல். உடம்பு அதே உடம்பு. என் வம்சத்து உடம்பு, எதையும் தாங்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் மூன்று முறை அட்டை மாட்டியவர்கள் மலையேறி வந்தார்கள். மூன்று முறையும் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் காத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. கிங்ஸ்டனில் காகிதம் நகர நாளாகும் என்று விட்டுவிட்டேன். இப்போது நீங்கள் சொல்கிறீர்கள், மூன்றும் சுத்தம் என்று. அதுதான் எனக்குப் புரியவில்லை. பொடியில் மோசம் இருக்க வேண்டும். ஸ்கெலி மாவைக் கலந்து கொடுத்திருப்பான். இந்தக் காலத்தில் யாரையும் நம்ப முடியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை தடை முடிந்தது. காலையில் வழக்கம்போல் ஓடிவிட்டு வந்தாள், கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்படிக்குப் போனாள், சுத்தமாகக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். எப்போது கட்டினாள் என்று தெரியவில்லை.

"போயிட்டு வர்றேம்ப்பா," என்றாள்.

"எப்ப வருவே?"

"டீக்கனுக்குத் தண்ணி வை. பீப்பாய்த் தண்ணி வேணாம், குழாய்த் தண்ணி வை," என்றாள். போய்விட்டாள். பஸ்ஸுக்கு நடந்துகூடப் போகவில்லை, ஓடினாள்.

இப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? அவள் அந்த டப்பாவை முதல் அக்டோபரிலேயே பார்த்துவிட்டாள் என்றா? நான்கு வருடமாக என் கஞ்சியில் ஒரு வாய்கூட அவள் குடிக்கவில்லை என்றா? 'அவருக்கு வயசாயிடுச்சு, போலீசுக்குப் போகாதீங்க, கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வாங்க' என்று உங்களிடம் சொன்னாளா?

கடைசியில் சொன்னது அவள் பேச்சுத்தான், அதை நம்புகிறேன். மற்றதை நம்ப முடியவில்லை. அவள் உங்களிடம் பொய் சொல்லியிருக்கிறாள், அல்லது நீங்கள் என்னிடம் சொல்கிறீர்கள். நான் குருடன் இல்லை. கிண்ணத்தைத் தினமும் நானே வாங்கிக் கழுவியவன். ஓரத்தில்கூட ஒட்டியிருக்காது. குடிக்காத கஞ்சி எங்கே போகும்?

கையெழுத்துப் போடுகிறேன். மாட்டேன் என்று சொல்லவில்லை. நான் செய்ததை நான் மறைக்கவில்லை, எல்லாம் சொல்லிவிட்டேன். ஆனால் உங்களிடம் போட மாட்டேன். அவளை வரச் சொல்லுங்கள். இங்கே, என் எதிரில், இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் குடிக்கட்டும். வெறும் கஞ்சிதான், சத்தியமாக. குடித்து முடித்ததும் போட்டுவிடுகிறேன். கிங்ஸ்டன் ஒன்றும் அவ்வளவு தூரமில்லையே, பஸ் இருக்கிறது. வராவிட்டால் இந்த டப்பா யார் வீட்டிலும் இருக்கிற டப்பாதான், நான் இன்று காலை உங்களிடம் வானிலை பேசிக்கொண்டிருந்தேன். பேப்பரில் படம் வந்த தகப்பன் நான். யாரை நம்புவார்கள் என்று பாருங்கள்.

கிளம்புகிறீர்களா? முன்பக்கமாகவே போங்கள். பின்னால் டீக்கன் கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கிறது. அதன் கழுத்தைப் பார்த்தீர்களா, காளைக்குக்கூட அப்படி இருக்காது. ஹெப்டன் தன் பெட்டை ஆடுகளைக் கொண்டுவந்து மூன்று வருடமாக விட்டுப் பார்த்தான், ஒன்றுக்கும் குட்டி பிடிக்கவில்லை. "மாஸ் வென், உன் டீக்கன் பிரசங்கம் மட்டும்தான் பண்ணுவான் போல," என்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். இத்தனைக்கும் நான் அதற்குப் புல்லும் கிழங்குத் தோலும் தவிர எதுவும் போட்டதில்லை.

அவள் போன நாளிலிருந்து தினமும் இப்படித்தான், நான் கஞ்சியை இறக்குகிற நேரத்துக்குச் சரியாகப் பின்படியில் முன்னங்காலை வைத்துக்கொண்டு கத்துகிறது. பாவம், வாயில்லாத ஜீவன், அதுவும் அவளைத்தான் தேடுகிறது.